“பேப்பர் போட்டுடுங்க, செட்டில் பண்ணிடலாம்”: சம்பள பாக்கியும் கட்டாய ராஜினாமாவும் சேர்ந்து வந்த ஒரு வழக்கு

இந்த ஆய்வில் வருபவர் ஒரு நடுத்தர எஞ்சினியரிங் நிறுவனத்தில் டிராஃப்டிங் வேலை பார்த்த பெண். சர்வீஸ் 6 ஆண்டு 8 மாதம். கைக்கு வந்த சம்பளம் மாதம் 38,000 ரூபாய். ஆளையும் நிறுவனத்தையும் காட்டிக்கொடுக்கக் கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன், தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன். மனு எழுதும்போது கூட இருந்தவன் என்பதால் கோப்பு முழுவதையும் படிக்க முடிந்தது.

படித்ததில் எனக்குத் தெளிவாகப் பட்டது ஒன்று. சம்பள பாக்கி நிறுவனத்தின் கடன். ராஜினாமா ஊழியரின் முடிவு. ஒன்றுக்கும் மற்றதற்கும் சட்டத்தில் சம்பந்தமே கிடையாது. ஆனால் நிர்வாகம் இரண்டையும் ஒரே காகிதத்தில் முடிச்சுப் போடத்தான் பார்த்தது. அந்த முடிச்சு விழாமல் இவர் பார்த்துக்கொண்டார். வழக்கில் அடுத்து நடந்ததெல்லாம் இதை ஒட்டியே நடந்தது.

பாக்கி சேர்ந்த விதம்

முதலில் தேதி தள்ளிப்போனது. 7-ம் தேதிக்குள் வர வேண்டிய சம்பளம் 15-ம் தேதி வந்தது, அப்புறம் 20-ம் தேதி. ஆறேழு மாதம் இப்படி ஓடியது. பிறகு ஒரு மாதம் பாதிச் சம்பளம். அதையடுத்து மூன்று மாதம் ஒன்றுமே இல்லை. பாக்கி 1,33,000 ரூபாய். கேட்டபோதெல்லாம் “கஸ்டமர் பேமென்ட் வந்ததும் போட்டுடுவோம்” என்ற ஒரே பதில், அதுவும் வாய்வார்த்தையாக மட்டும்.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ம் தேதி முடிவதற்குள் கொடுக்க வேண்டும் என்பது ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-ன் 17-வது பிரிவு. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. இந்த வழக்கு அதற்குப் பிந்தையது. முன்பு இருந்த 1936-ம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய் என்ற வரம்பு இருந்தது. அதைத் தாண்டிச் சம்பளம் வாங்கியவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் மனு போட முடியாது. புதிய தொகுப்பில் அந்த வரம்பு இல்லை. மேலாளர் நிலையில் இருப்பவர்கூட ‘ஊழியர்’ என்ற வரையறைக்குள் வருகிறார். 38,000 வாங்கிய இவருக்கு இது பெரிய வித்தியாசம்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சம்பளம் நின்ற பிறகுதான் இவர் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தார். சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த காலத்திலேயே சில மாதங்களுக்கு பிஎஃப் கட்டப்படவில்லை. பே ஸ்லிப்பில் மட்டும் பிடித்தம் காட்டியிருந்தார்கள். பண நெருக்கடி வந்தால் நிர்வாகங்கள் ஊழியர் கண்ணில் படாத செலவைத்தான் முதலில் நிறுத்தும். சம்பளம் நின்றால் அன்றே தெரியும், பிஎஃப் நின்றால் யார் பார்க்கிறார்கள்? ஊழியரிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே கருதப்படும். பிற்பாடு பேச்சுவார்த்தையில் நிர்வாகத்தை நெளிய வைத்தது இந்தப் பாஸ்புக்தான்.

ராஜினாமா யாருக்கு லாபம்

மூன்றாவது மாதமும் சம்பளம் வராத நிலையில் இவர் கையிலிருந்த டிராயிங்குகளை வேறொருவருக்கு மாற்றினார்கள். சர்வர் லாகின் “மெயின்டனன்ஸ்” என்று நிறுத்தப்பட்டது. ஆறு ஆண்டில் ஒரு குறைகூடச் சொல்லாத இடத்திலிருந்து, வேலைத்திறன் போதவில்லை என்று ஒரு மெமோ வந்தது. அப்புறம் ஹெச்ஆர் அறைக்கு அழைப்பு.

மேசையில் ஏற்கெனவே டைப் செய்த ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது. சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாக ஒரு வரி. நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய பாக்கி எதுவும் இல்லை, இனி எந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டேன் என்று இன்னொரு வரி. “மேடம், நீங்களே பேப்பர் போட்டுடுங்க, ஃபுல் அண்டு ஃபைனல்ல எல்லாத்தையும் சேர்த்து செட்டில் பண்ணிடலாம். இல்லேன்னா டெர்மினேஷன்தான், அடுத்த வேலைக்குப் போகும்போது உங்களுக்குத்தான் கஷ்டம்” என்றார் ஹெச்ஆர்காரர். குரலை உயர்த்தவே இல்லையாம்.

ஒரு கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு பிரயத்தனம்? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். நிர்வாகம் தானாக ஆளை வேலையிலிருந்து நீக்கினால் அது ஆட்குறைப்பு. தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 2020-ன்படி ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான ஊதியம் தர வேண்டும். ஓர் ஆண்டு சர்வீஸுக்கு 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சக் காலம் முழு ஆண்டாகவே சேரும். கூடவே, வேலை இழந்தவர் புதுத் திறன் கற்க உதவும் மறுதிறன் நிதிக்கு 15 நாள் ஊதியம் கட்ட வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். சாதாரணமாக, கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்ற விதியும் உண்டு. இவருக்குப் பின்னால் சேர்ந்த மூன்று பேர் அதே பிரிவில் வேலையில் இருந்தார்கள்.

சட்டத்தின் கணக்கில் இவருடைய ‘ஊதியம்’ 21,000 ரூபாய் என்று வந்தது. மொத்தச் சம்பளம் 42,000. அடிப்படைச் சம்பளத்தை 18,000 என்று குறைத்துக் காட்டியிருந்தார்கள். படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கருதப்படும் என்கிறது புதிய வரையறை. ஆக ஏழு ஆண்டுக்கு இழப்பீடு 73,500. நோட்டீஸ் மாத ஊதியமும் மறுதிறன் நிதியும் சேர்ந்தால் ஒரு லட்சத்தைத் தாண்டும். ராஜினாமாவில் இதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. இத்தனையையும் மிச்சம் பிடிக்க அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு ஏ4 தாள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) இந்தக் கணக்கில் வராது. ஐந்தாண்டு முடித்தவருக்கு ராஜினாமா செய்தாலும் அது உண்டு. இவருக்கு 21,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஏழு ஆண்டால் பெருக்கினால் சுமார் 84,800 ரூபாய். ராஜினாமா செய்தால்தான் பணிக்கொடை சீக்கிரம் வரும் என்று ஹெச்ஆர் சொன்னது சுத்தப் பொய். எந்த வகையில் வேலை முடிந்தாலும் 30 நாளுக்குள் தர வேண்டிய தொகை அது.

அன்று மாலை அனுப்பிய மெயில்

இவர் கையெழுத்துப் போடவில்லை. கத்தவுமில்லை, அழவுமில்லை. “படிச்சுப் பார்க்கணும், ஒரு காப்பி குடுங்க” என்றார். தர மறுத்தார்கள். வெளியே வந்து, பஸ் ஏறுவதற்குள் தன் சொந்த மெயிலிலிருந்து ஹெச்ஆருக்கும் இயக்குநருக்கும் எழுதினார். அதன் சாரம் இது:

“இன்று பிற்பகல் என்னை அழைத்து, தயாராக இருந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடச் சொன்னீர்கள். காப்பி கேட்டேன், தரவில்லை. எனக்கு வேலையை விடும் எண்ணம் இல்லை. நாளை வழக்கம்போல் வேலைக்கு வருவேன். எனக்குக் கீழ்க்கண்ட மாதங்களுக்கான சம்பளம் வரவில்லை. எந்தத் தேதியில் தருவீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.”

கோபமில்லாத, சட்டப் பிரிவு எதையும் மேற்கோள் காட்டாத இந்த மெயில்தான் கோப்பிலேயே கனமான காகிதம் என்பேன். அழுத்தம் கொடுத்த அன்றே எழுதியது, பிறகு யோசித்துப் புனைந்தது என்று சொல்ல வழியில்லை. வேலையை விடவில்லை என்பது பதிவாகிவிட்டது. பாக்கி மாதங்கள் பெயர் சொல்லிப் பட்டியலாகிவிட்டன. நிர்வாகம் இதற்குப் பதில் எழுதவேயில்லை. பல வாரம் மௌனமாக இருந்துவிட்டு, கடைசியில் “அப்படி ஒரு கூட்டமே நடக்கவில்லை” என்று தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் சொன்னார்கள். அப்படியானால் அன்றே மறுத்து ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று அவர் கேட்டதற்குப் பதில் இல்லை.

ஆபீஸ் மெயிலை நம்பியிருந்தால் கதை வேறாகியிருக்கும், ஏனென்றால் இரண்டே நாளில் அது முடக்கப்பட்டது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், இன்கிரிமென்ட் கடிதங்கள், பே ஸ்லிப்புகள், வங்கி ஸ்டேட்மென்ட் எல்லாம் இவர் வீட்டில் ஏற்கெனவே இருந்தன. வாட்ஸ்அப் உரையாடல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்ததோடு அந்த ஃபோனையும் மாற்றாமல் வைத்திருந்தார். மின்னணு ஆதாரம் என்று வந்தால், பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின் சான்றிதழ் கேட்கப்படலாம். அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. கம்பெனி டிராயிங் ஒன்றைக்கூட இவர் காப்பி எடுக்கவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கோபத்தில் சிலர் அதைச் செய்துவிட்டுத் திருட்டுப் புகாரில் மாட்டிக்கொள்கிறார்கள்.

லேப்டாப்பும் அப்படித்தான். சம்பளம் தரும்வரை தரமாட்டேன் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். செக்யூரிட்டியிடம் கொடுத்து, சீரியல் நம்பருடன் ஒப்புகை வாங்கி வந்தார்.

கேட்டில் நிறுத்தியபோது

மூன்றாம் நாள் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. இந்த இடத்தில்தான் பலர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போனால், சில வாரத்தில் “தகவலின்றி வேலைக்கு வராததால் தானாக விலகியதாகக் கருதப்படுகிறது” என்று ஒரு கடிதம் வரும். கையெழுத்தால் வாங்க முடியாத ராஜினாமாவை நிர்வாகம் ஆப்சென்ட் கணக்கில் வாங்கிவிடும்.

இவர் கேட்டில் நின்றே மெயில் போட்டார்: இத்தனை மணிக்கு வந்தேன், அனுமதி மறுக்கப்பட்டது, வேலை செய்யத் தயார். அதே வாசகத்தை ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, டெலிவரி விவரத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்தார். அடுத்த சில நாட்களும் போய் நின்றார். அவமானமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னார். முன்பு கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்து போனார்களாம்.

எதிர்பார்த்தபடியே அந்தக் கடிதம் வந்தது. ஆனால் அது வருவதற்கு முன்பே இவருடைய மெயில்கள் போய்ச் சேர்ந்திருந்தன.

இரண்டு மனு

ஒரே மனுவில் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். தனித்தனியாகப் போடச் சொன்னோம். சம்பள பாக்கிக்கு ஊதியத் தொகுப்பின் 45-வது பிரிவின் கீழ் ஒன்று. வேலை மறுப்புக்கு சமரச அலுவலரிடம் ஒன்று. முதலாவதில் விவாதிக்க அதிகம் ஒன்றும் கிடையாது: சம்பளம் கொடுத்தார்களா, இல்லையா? கொடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டிய சுமை 59-வது பிரிவின்படி முதலாளியுடையது. இரண்டாவதில் சாட்சி, விளக்கம், இழுபறி எல்லாம் வரும். சேர்த்துப் போட்டால் சுலபமான மனுவும் கஷ்டமான மனுவின் வேகத்துக்கே நகரும்.

45-வது பிரிவில் கோரிக்கைத் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு இடமுண்டு. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. மனு போட மூன்று ஆண்டு அவகாசம். மாறும் காலத்தில் பழைய விதிகளும் அமைப்புகளும் தொடரும் என்று மத்திய அரசு அறிவித்திருந்தாலும், எந்த மேசையில் மனுவை வாங்குவது என்பதில் அலுவலகத்திலேயே குழப்பம் இருந்தது. பிரிவு எண்ணில் தவறு வந்துவிடுமோ என்று இவர் பயந்தார். தேவையில்லாத பயம். எந்தெந்த மாதம், எவ்வளவு, ஆதாரம் என்ன என்ற அட்டவணை சரியாக இருந்தது, அதிகாரி பார்த்ததும் அதைத்தான்.

வக்கீல் செலவு பற்றி ஒரு வார்த்தை. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-ன் 12-வது பிரிவின்படி பெண்களுக்கும், தொழில் துறைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. மூன்று மாதமாகச் சம்பளம் இல்லாதவர் வட்டிக்கு வாங்கி வக்கீல் வைக்க வேண்டியதில்லை.

நிர்வாகத்தின் பதில்

மூன்று வாதம் வைத்தார்கள். இவர் “டீம் லீட்”, மாதம் 18,000-க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர், ஆகவே தொழிலுறவுத் தொகுப்பின்படி ‘தொழிலாளி’ இல்லை என்பது முதலாவது. இதைக் கொஞ்சம் மதிக்க வேண்டும், ஏனென்றால் ஜெயித்திருந்தால் வேலை மறுப்பு மனு அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பதவிப் பெயர் முக்கியமில்லை, பிரதானமாக என்ன வேலை செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் நிலைப்பாடு. லீவு அனுமதிக்கும் அதிகாரம் இவருக்கு இருந்ததில்லை. யாருக்கும் அப்ரைசல் எழுதியதில்லை. நாள் முழுக்க வரைந்தார், பக்கத்து சீட்டில் இருந்த இரண்டு ஜூனியர்களின் டிராயிங்கைச் சரிபார்த்தார். இன்கிரிமென்ட்டுக்குப் பதிலாக நம் நிறுவனங்கள் பதவிப் பெயர் கொடுத்துச் சமாளிப்பதில் இப்படி ஓர் ஆபத்தும் இருக்கிறது. சம்பள பாக்கி மனுவை இந்த வாதம் எப்படியும் தொடாது. அங்கே மேலாளரும் ஊழியர்தான்.

தானாக விலகினார் என்பது இரண்டாவது. அதற்கு மெயில்கள் பதில் சொல்லிவிட்டன. பணம் இல்லை என்பது மூன்றாவது. வியாபாரம் நொடித்தது சம்பளம் தராததற்குச் சட்டக் காரணம் ஆகாது.

ஆனால் அந்த மூன்றாவது வாதத்துக்குள் ஒரு மிரட்டல் ஒளிந்திருந்தது: “கம்பெனி என்சிஎல்டிக்குப் போனால் யாருக்கும் எதுவும் கிடைக்காது.” என்சிஎல்டி என்பது திவால் வழக்குகளை விசாரிக்கும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம். மிரட்டல் பாதி உண்மை. திவால் நடவடிக்கை தொடங்கினால் மற்ற வசூல் நடவடிக்கைகள் தடைபடும், அந்த நடவடிக்கையை நடத்தும் தீர்வு நிபுணரிடம் கோரிக்கை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஆனால் எதுவும் கிடைக்காது என்பது சரியில்லை. கலைப்பு வரை போனால் 2016-ம் ஆண்டு திவால் சட்டத்தின் 53-வது பிரிவில், தொழிலாளர்களின் கடைசி 24 மாத பாக்கி, அடமானக் கடன் கொடுத்தவர்களுக்குச் சமமான வரிசையில் வருகிறது. பிற ஊழியர்களுக்கு 12 மாத பாக்கி, அடுத்த வரிசையில். பிஎஃப், பணிக்கொடை நிதிகள் கலைப்புச் சொத்தில் சேராது. இருந்தாலும் காலம் இழுக்கும் என்பது உண்மை. சமரசத்துக்கு இவர் இறங்கி வந்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

கையெழுத்துப் போட்ட சகா

அதே வாரம் அதே அறைக்கு அழைக்கப்பட்ட இன்னொருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டுக் கடன் தவணை, குழந்தையின் ஸ்கூல் ஃபீஸ்; ரிலீவிங் லெட்டர் கிடைத்தால் போதும் என்ற நிலை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசியின் நெருக்கடியும் பலவந்தம்தான் என்று 1982-ல் ஆசியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது குறைந்தபட்சக் கூலியும் தராமல் வேலை வாங்கியது பற்றிய வழக்கு, ராஜினாமா பற்றியது இல்லை. ஆனாலும் ‘யாரும் கையைப் பிடித்துப் போடச் சொல்லவில்லையே’ என்று கேட்பவர்களுக்கு அது நல்ல பதில்.

அவர் செய்யத் தவறியது வேறு. பிற்தேதியிலிருந்து நடைமுறைக்கு வரும் ராஜினாமாவை அந்தத் தேதிக்கு முன் திரும்பப் பெறலாம் என்பதைப் பொதுத்துறை வழக்குகளில் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. 2005-ல் பாரத் எர்த் மூவர்ஸ் ஊழியர் வழக்கு அப்படிப்பட்டது. தனியார் நிறுவனத்தில் அது அப்படியே ஓடும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் காலையே “நெருக்கடியில் கையெழுத்திட்டேன், திரும்பப் பெறுகிறேன்” என்று ஒரு மெயில் போட்டிருந்தால் அது தன் விருப்பமில்லை என்பதற்கு ஆதாரமாகவாவது இருந்திருக்கும். ஒப்பந்தச் சட்டத்தில், மேல் கை உள்ளவர் அதைப் பயன்படுத்தி வாங்கிய சம்மதம் ரத்துக்குரியது. ஆனால் ரத்து செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும், சீக்கிரம் கேட்க வேண்டும். அவர் எங்களிடம் வந்தபோது நோட்டீஸ் பீரியட் முடிந்து பல வாரம் ஆகியிருந்தது.

ஆட்குறைப்பு இழப்பீடு அவருக்குப் போய்விட்டது. சம்பள பாக்கி போகவில்லை. ‘பாக்கி எதுவும் இல்லை’ என்ற அந்த வரிக்கு ஊதியத்தைப் பொறுத்தவரை மதிப்பில்லை. தொகுப்பின்படி சேர வேண்டிய தொகையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 60-வது பிரிவே சொல்கிறது. ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கி ஊதியத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஃபுல் அண்டு ஃபைனலுக்கு 45 நாள் ஆகும் என்பது ஹெச்ஆர் துறைகளின் பழக்கம், சட்டம் இல்லை. அவரும் இப்போது 45-வது பிரிவில் மனு போட்டிருக்கிறார்.

போய்த்தான் ஆக வேண்டும் என்று தீர்மானித்தவர்கள்கூட ‘சொந்தக் காரணம்’ என்று எழுத வேண்டியதில்லை. ‘இன்னின்ன மாதச் சம்பளம் வராததால் வேலையில் தொடர முடியவில்லை, பாக்கியைக் கோரும் உரிமையோடு விலகுகிறேன்’ என்று எழுதினாலும் அது ராஜினாமாதான். நிர்வாகம் அதை ஏற்றுக்கொள்ளத் தயங்கினால் ஏன் என்று யோசிக்கலாம்.

முடிந்த விதம்

சமரச அலுவலர் முன் பல அமர்வு நடந்தது. நிர்வாகத் தரப்பில் பாதிக்கு யாரும் வரவில்லை. பிஎஃப் பாஸ்புக்கும் பே ஸ்லிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்ட அமர்வுக்குப் பிறகு பேச்சின் தொனி மாறியது. ஒப்பந்தத்தில் வந்தவை: 1,33,000 ரூபாய் முழுவதும் இரண்டு தவணையில், பணிக்கொடை 21,000 ரூபாய் அடிப்படையில், நோட்டீஸ் மாத ஊதியம், ஆட்குறைப்பு இழப்பீட்டுக்குப் பதிலாக 50,000, விடுபட்ட பிஎஃப் கட்டுவதாக உறுதி, வேலைத்திறன் மெமோவைத் திரும்பப் பெற்று அனுபவச் சான்றிதழ். ஆவணத்தில் ‘ராஜினாமா’ என்ற சொல் வரக் கூடாது என்பதில் இவர் பிடிவாதமாக இருந்தார். ‘இரு தரப்பு உடன்பாட்டின்படி பணி முடிவு’ என்று எழுதினார்கள்.

என் கணக்கில் நிர்வாகம் மலிவாகத் தப்பித்தது. பத்து மடங்கு இழப்பீடு பேச்சில் அழுத்தம் கொடுக்க உதவியதே தவிர, ஒரு ரூபாய் அதில் வரவில்லை. 73,500-க்கு 50,000-தான் கிடைத்தது, மறுதிறன் நிதி கிடைக்கவில்லை. தொழில் தீர்ப்பாயம் வரை போயிருக்கலாம் என்று நான் நினைத்தேன். அவர் வேறு வேலையில் சேர்ந்திருந்தார், இரண்டு மூன்று வருடம் தேதிக்கு அலையத் தயாரில்லை. அது அவர் முடிவு செய்ய வேண்டியது.

முதல் தவணையும் பணிக்கொடையும் வந்துவிட்டன. இரண்டாவது தவணை இரண்டு வாரம் தாமதமாக வந்தது. பிஎஃப் பாஸ்புக்கில் இரண்டு மாதம் இன்னும் காலியாக இருக்கிறது. அதற்கு பிஎஃப் நிறுவனமான இபிஎஃப்ஓவில் தனிப் புகார் பதிவாகியிருக்கிறது.